ஒரு சரணம்தான்

அந்த ஷட்டரைத் தொடாதீர்கள். பாதியில் சிக்கிக்கொள்ளும். பிறகு ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. களியக்காவிளையில் ஏறும்போதே பார்த்துவிட்டேன், இந்த பஸ்ஸில் ஒழுங்காக இருப்பது ஹாரன் ஒன்றுதான். இப்படி நகர்ந்து உட்காருங்கள். பையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே யாரோ மீன் தண்ணீர் சிந்தியிருக்கிறார்கள். நீங்களும் திருவனந்தபுரம்தானா? நல்லது. பேசாமல் வந்தால் எனக்குத் தலை வலிக்கும்.

போன் அடிக்கிறது, தெரியும். அடிக்கட்டும். எங்கள் ஊர் உபதேசியார் சூசையா. கோயிலில் ஃபாதருக்கு அடுத்தபடி தான்தான் என்று நினைப்பு. ஆர்மோனியம் வைக்கிற அலமாரியின் சாவி என்னிடம் இருக்கிறது, அதற்காகத்தான் காலையிலிருந்து விடாமல் அடிக்கிறார். பாடகர் குழுவிலிருந்து என்னை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். நிறுத்தி வைக்க நான் என்ன மிக்ஸியா? சாவி இதோ இந்தப் பர்ஸில்தான் கிடக்கிறது. தரமாட்டேன்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். ஒருத்தனை எழுப்ப.

டாக்டரா? நானா? ஐயோ, வீட்டில் சும்மா இருக்கிறவள். சும்மா என்றால் சமைத்து, துவைத்து, ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பாட்டுச் சொல்லிக்கொடுத்து, அப்படிச் சும்மா. ஹில்டா என்று பெயர். வீட்டுக்காரர் பஹ்ரைனில் இருக்கிறார். எழுப்ப வேண்டியவன் பெயர் ரெஜின். வெள்ளாந்துறை டீமின் கோல்கீப்பர். எங்கள் கொச்சுத்துறைத் திருவிழா மேட்சில் விழுந்தவன்தான், இன்னும் கண் திறக்கவில்லை. மெஷின் வைத்துப் படுக்கப் போட்டிருக்கிறார்கள். என் பிள்ளை இல்லை. என்னோடு கான்வென்ட்டில் படித்த ஜெசிந்தாவின் பிள்ளை. ஒரே பிள்ளை. என்னைச் சித்தி என்பான்.

நீங்கள் கடற்கரைப் பக்கம் வந்திருக்கிறீர்களா? இல்லையா? அப்படியானால் ஃபுட்பால் என்றால் எங்களுக்கு என்ன என்று உங்களுக்குத் தெரியாது. எங்கள் துறைகளில் ஆண்பிள்ளை நடக்கிறானோ இல்லையோ பந்தை உதைப்பான். திருவிழாவுக்குத் திருவிழா டோர்னமென்ட். கோயில் கிரவுண்டில் ஒரு பக்கம் நம் ஊர், எதிர்ப்பக்கம் அந்த ஊர். நடுவில் பந்து. சிங்காரி மேளம், பீப்பி, தகரத்தைத் தட்டுகிறவன், பனை மட்டையைத் தட்டுகிறவன். ஆண்கள் வெறுமனே கத்துவார்கள். பாடுவது பெண்கள். அது எங்கள் வழக்கம். மணிக்கூண்டுக்குக் கீழே பெண்களின் இடம். அங்கே ஒரு மைக் எங்களுக்கு. அறிவிப்புச் சொல்கிற தாசையன் அண்ணனுக்கும் அதே மைக்தான். கொச்சுத்துறைக்கு மைக் ஒன்றுதான் கட்டுப்படியாகும்.

நான் கல்யாணமாகி வந்தபோது இந்தப் பாட்டின் கோலத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். ஆளுக்கொரு சுருதி. ஒருத்தி தொடங்குவாள், இன்னொருத்தி முடித்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பாள். சந்தையில் மீன் ஏலம் இதைவிட ராகமாக இருக்கும். நான்தான் வரிசையில் நிறுத்தினேன். மூச்சு எங்கே எடுக்க வேண்டும், எங்கே எடுக்கக்கூடாது, கடைசி எழுத்தை எப்படி விழுங்காமல் விட வேண்டும், எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தது. கார்னர் கிக் நமக்கு என்றால், "வலையை விரிச்சாச்சு, வாடா மீனே வா" என்று கீழ் ஸ்தாயியில் தொடங்கிப் பந்து காற்றில் ஏறும்போது நாங்களும் ஏறுவோம். ரெஃப்ரி தப்பாக விசில் அடித்தால், காணிக்கைப் பாட்டு மெட்டில், "கண்ணாடி வாங்க காணிக்கை தாருங்கோ." ஃபாதர்கூடச் சிரிப்பை அடக்கக் குடையைப் பிடித்துக்கொள்வார். பக்கத்துத் துறைக்காரிகள் மேட்ச் பார்க்க வரவில்லை, எங்கள் பாட்டைக் கேட்க வந்தார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. உண்மை.

இதில் படுத்தவன் பாட்டு என்று ஒன்று இருக்கிறது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஜெயித்துக்கொண்டிருக்கிற டீம் கடைசி நேரத்தில் என்ன செய்யும்? படுக்கும். காற்று பட்டால் விழுவான். முழங்காலைப் பிடித்துக்கொண்டு அம்மா அம்மா என்று உருளுவான். நேரத்தைக் கரைக்கிற வேலை. அப்படி எவனாவது படுத்தால் நாங்கள் அடக்கப் பாட்டு எடுப்போம். ஆமாம், அடக்கப் பாட்டேதான். எங்கள் துறையில் யாராவது செத்தால் கல்லறைக்குக் கொண்டுபோகும்போது பாடுகிறது. எல்லாப் பெண்களும் முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, ஒரு சிரிப்புக் கிடையாது, நிஜமான அடக்கம் மாதிரியே பாடுவோம். படுத்தவனுக்கு வெட்கம் பிடுங்கும். எழும்பி ஓடுவான். எழும்பாமல் ஒருத்தனும் இருந்ததில்லை. "ஹில்டா பாடினா செத்துப்போன லாசருகூட எழும்பிக் கல்லறைக்குள்ள சட்டையத் தேடுவான்" என்று தாசையன் அண்ணனே மைக்கில் சொல்லியிருக்கிறார்.

பாவமா? என்ன பாவம்? ஃபாதரே ஒன்றும் சொல்லவில்லை. அதே பாட்டை நிஜமான அடக்கத்திலும் நான்தானே பாடுகிறேன். ஒரு வீடு விட்டதில்லை. காய்ச்சலோடு போய்ப் பாடியிருக்கிறேன்.

ரெஜினுக்கு அந்தப் பாட்டு நன்றாகத் தெரியும். அவனைப் போலப் படுக்கிறவன் இந்தக் கடற்கரையிலேயே கிடையாது. நல்ல கீப்பர், பூனை மாதிரிப் பாய்வான், அதெல்லாம் சரி. ஆனால் ஒரு கோல் முன்னால் போய்விட்டால் போதும், கண்ணுக்குத் தெரியாத ஈட்டி குத்தியவன் மாதிரிச் சாய்வான். நான் பாட்டை எடுப்பேன். இரண்டாவது வரிக்குள் எழுந்து நிற்பான். நின்று, எங்கள் பக்கம் திரும்பி, நெற்றியிலிருந்து சிலுவை போட்டு, பூசையில் குருவானவர் குனிகிற மாதிரி எனக்கு ஒரு கும்பிடு. கிரவுண்டே சிரிக்கும். மேட்ச் முடிந்து வருவான். "சித்தி, இன்னைக்கு சுருதி கொஞ்சம் எறங்கிப்போச்சு கேட்டியளா? நான் எழும்பவே வேண்டாம்னு நெனச்சேன்" என்பான். "போலே, உனக்கெல்லாம் ஆர்மோனியம் வச்சா பாட முடியும்?" என்பேன். அவ்வளவு செல்லம்.

இன்னொன்று கேளுங்கள். கான்வென்ட்டில் நான் முதல் குரல், ஜெசிந்தா செகண்ட், என் குரலுக்குக் கீழே கூடவே வருகிற இரண்டாம் குரல். எங்கள் இரண்டு பேரையும் பிரித்து உட்கார வைத்தால்கூட சிஸ்டர் பெனிட்டா பாடும்போது சேர்த்துவிடுவார். அவள் கட்டிக்கொண்டு போனது எதிரி ஊரான வெள்ளாந்துறைக்கு. போனால் என்ன? கிரவுண்டில் நான் இந்தப் பக்கம் அடக்கப் பாட்டு எடுத்தால் அந்தப் பக்கமிருந்து செகண்ட் வரும். அவளுடைய மகனைத்தான் கேலி செய்கிறேன், அவள் ஊரே என்னைத் திட்டுகிறது, இவளால் வாயை அடக்க முடியாது. செகண்ட் குரல் அவ்வளவு சுத்தம் அவளுக்கு. சிரித்துக்கொண்டே பாடுவாள். தூரத்திலிருந்தே தெரியும், சிரித்துக்கொண்டு பாடினால் குரல் அகலமாகும்.

யோவ் முன்சீட்டு, கொஞ்சம் நிமிர்ந்து தூங்கும். உம்முடைய தலை என் முழங்காலில் வருகிறது. ஆமாம், உம்மைத்தான்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று ஊரில் ஆளுக்கொன்று சொல்கிறான். நான் சொல்கிறதைக் கேளுங்கள். நான்தானே மைக் வைத்திருந்தேன், எனக்குத்தானே தெரியும்.

ஃபைனல். வெள்ளாந்துறை ஒரு கோல் முன்னால். எங்கள் பையன்கள் முட்டி மோதுகிறார்கள், கோலில் ரெஜின் விடவே மாட்டேன் என்கிறான். கூட்டம் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்து நிற்கிறது. மேளக்காரன் கை ஓயவில்லை. என் பெண்களுக்குத் தொண்டை கட்டிவிட்டது, விடாதீர்கள் என்று கண்ணாலேயே அதட்டிக்கொண்டிருக்கிறேன். அப்போது படுத்தான் ஒரு தடவை. பாடினேன். எழுந்தான், கும்பிட்டான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் படுத்தான். பாடினேன். எழுந்தான். அந்தப் பக்கமிருந்து ஜெசிந்தாவின் செகண்ட், கேட்கக் கேட்க அவ்வளவு அழகு. இந்தத் தடவை கும்பிடவில்லை, நெஞ்சைத் தடவிக்கொண்டு கோல் போஸ்டில் சாய்ந்து நின்றான். நடிப்பில் புதிதாக ஏதோ சேர்த்திருக்கிறான் என்று பக்கத்தில் நின்று பாடின ரோஸ்லெட்டிடம்கூடச் சொன்னேன்.

மூன்றாவது தடவை பக்கத்தில் ஆளே இல்லை. பந்து அந்தக் கோடியில் கிடக்கிறது. இவன் இங்கே பொத்தென்று விழுகிறான். நடிக்கிறவன் மல்லாந்து விழுவான், முழங்காலைப் பிடிப்பான். இவன் குப்புற. கையை ஊன்றக்கூட இல்லை. மண்ணில் முகம். எங்கள் ஆண்களுக்கு வந்ததே ஆத்திரம். "எடே, கெடத்தியாச்சு! பெட்டி கொண்டுவா!" "ஹில்டாக்கா, எடுங்கோ பாட்டை!" நான் எடுத்தேன். ஊரே எடுத்தது. அன்றைக்குப் பாடிய மாதிரி நாங்கள் என்றைக்கும் பாடியதில்லை. சொல்லக்கூடாது, ஆனால் உண்மை. ஐந்நூறு வாய், ஒரே மூச்சு. கடல் சத்தமே கேட்கவில்லை.

செகண்ட் வரவில்லை.

கோபம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒரே மேட்சில் மூன்று தடவை பாடினால் எந்தத் தாய்க்கும் கோபம் வரும்தானே? அந்த இடத்தை வெறுமையாக விட்டு, அவள் சேருவாள் சேருவாள் என்று இழுத்து இழுத்துப் பாடினேன்.

அப்போதுதான் இந்தத் தாசையன் அண்ணன் வந்து என் கையைப் பிடிக்கிறார். "ஹில்டா, மைக்கத் தா." நான் சரணத்தின் நடுவில் நிற்கிறேன். கண்ணைக் காட்டினேன், இருங்கள் என்று. மறுபடியும் இழுக்கிறார். "மைக்கத் தா பிள்ளே, கேட்டுல பைக்கெல்லாம் கெடக்கு, ஆம்புலன்ஸ் உள்ள வரமாட்டேங்குது, மாத்தச் சொல்லணும்." ஒரு ஆம்பளை எல்லார் முன்னாலும் கையைப் பிடித்து இழுக்கலாமா, சொல்லுங்கள். கையில் ஒரு தட்டுத் தட்டினேன். அவர் சொன்னது எனக்குக் கேட்கவே இல்லை. ஐந்நூறு பேர் பாடுகிற இடத்தில் எப்படிக் கேட்கும்? கேட்டிருந்தால் கொடுத்திருக்கமாட்டேனா?

அதோடு, பாதிச் சரணத்தில் நிறுத்துகிற பழக்கம் எனக்குக் கிடையாது. சிஸ்டர் பெனிட்டா சொல்வார், பாட்டைப் பாதியில் விடுகிறவள் ஆண்டவரைப் பாதி வழியில் இறக்கிவிடுகிறாள் என்று. ஒருநாள் காலைப் பூசையில் பாடிக்கொண்டிருக்கும்போது பெஞ்சிலிருந்து ஒருத்தி மயங்கி விழுந்தாள். வெள்ளிக்கிழமை, வெறும் வயிறு. சிஸ்டர் விரலைத்தான் உயர்த்தினார். நிறுத்தக்கூடாது. சரணத்தை முடித்துவிட்டுத்தான் தூக்கிக்கொண்டு போனோம். ஒன்றும் ஆகவில்லை, தண்ணீர் தெளித்ததும் எழுந்து உட்கார்ந்தாள். விழுந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? ஜெசிந்தாதான். ஊரில் வேறு யாருக்குப் புரியாவிட்டாலும் அவளுக்குப் புரிய வேண்டாமா?

சரணம் முடிந்தது. கையை உயர்த்தி நிறுத்தினேன். ஐந்நூறு வாயும் ஒரே நேரத்தில் மூடியது. அவ்வளவு டிசிப்ளின், நான் பழக்கியது. அந்த அமைதியில்தான் எதிர்ப்பக்கமிருந்து ஜெசிந்தாவின் குரல் கேட்டது. அவள் பாடவில்லை. வெறும் குரல். ஒரே ஸ்வரத்தில், மூச்சே எடுக்காமல்.

என்ன? ஒன்றுமில்லை. கண்ணில் தூசி. அந்த ஷட்டர் மூடாததனால்தான்.

அவனுக்குப் பிறவியிலேயே ஹார்ட்டில் ஏதோ இருந்ததாம். டாக்டரே சொன்னது. பிறவியிலேயே! கேட்டுக்கொள்ளுங்கள். அப்படியென்றால் என் பாட்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? நான் ஊதியா விழுந்தான்? இன்னும் கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தால் என்று அந்த டாக்டர் ஏதோ சொன்னாராம். டாக்டர்கள் எல்லாரிடமும் அதைத்தான் சொல்வார்கள். என் மாமனாருக்கும் சொன்னார்கள், அவருக்கு வயது தொண்ணூறு.

கேட்டின் நடுவில் பைக்கை நிறுத்தினவனை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஐஸ் வண்டியைக் குறுக்கே போட்டவனைக் கேட்கவில்லை. ரெஃப்ரி விசில் அடித்திருக்கலாம், அடித்தேன் என்கிறான், யாருக்குக் கேட்டது? பாடினது ஐந்நூறு வாய். மாட்டிக்கொண்டது ஒரு வாய். எவனோ போனில் படம் பிடித்துவிட்டான். படத்தில் நான் மைக்கோடு நிற்கிறேன், பக்கத்தில் தாசையன் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கம் அவன் மண்ணில். நான் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் பஹ்ரைனில் என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். "நீ ஏன் நிறுத்தல?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு கூப்பிடவே இல்லை. நானும் கூப்பிடவில்லை. எனக்கு மட்டும் ரோஷம் இல்லையா?

இந்த ரோஸ்லெட் இருக்கிறாளே, என் பக்கத்தில் நின்று கழுத்து நரம்பு புடைக்கப் பாடினவள், பங்குப்பேரவையில் போய், "நான் வாயை மட்டுந்தான் அசைச்சேன் ஃபாதர்" என்கிறாள். வாயை அசைத்தாளாம். அவள் வாய் அசையாமல் இருந்த நாள் எது? ஃபாதர் என்னைக் கூப்பிட்டு, "கொஞ்ச நாளைக்குப் பாட வேண்டாம் ஹில்டா" என்றார். எத்தனை நாள் என்று கேட்டேன். அவர் குடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரிக்கு முதல் வாரமே ஓடினேன். கைப்பிள்ளையாக அவனை என் மடியில் போட்டுவிட்டு ஜெசிந்தா கோயிலுக்குப் போயிருக்கிறாள், நான் போகாமல் யார் போவார்கள்? ஐசியூ வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு சண்டை வந்தது கிடையாது, தெரியுமா? "ஜெசி, நான் வந்து" என்று தொடங்கினேன். அவள் கிட்டே வந்தாள். வந்து என் வாயைக் கையால் பொத்தினாள். அடிக்கவில்லை. அழுத்தக்கூட இல்லை. குழந்தையின் வாயைப் பொத்துகிற மாதிரி, மெதுவாக. லிஃப்ட் வரும்வரை அப்படியே வைத்திருந்தாள். லிஃப்ட் வந்ததும் கையை எடுத்தாள். நான் ஏறிக்கொண்டேன். ஆஸ்பத்திரி, சத்தம் போடக்கூடாத இடம். அதனால்தான் இருக்கும். வேறென்ன?

பிறகு இரண்டு தடவை போனேன், உள்ளே விடவில்லை. வெள்ளாந்துறைக்காரன் ஒருத்தன் படியிலேயே நின்று, "என்ன, பாட வந்தியளோ?" என்றான். செருப்பைக் கழற்றியிருப்பேன். புதுச் செருப்பு, விட்டுவிட்டேன்.

இன்றைக்கு விடமாட்டேன். அங்கே எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி நர்ஸ், செல்மா என்று. என்னிடம் பாட்டுப் படித்தவள். அவள்தான் சொன்னாள், தெரிந்த குரல்களைக் கேட்க வையுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். அதனால் அவன் காதில் போனை வைத்து அவர்கள் ஊர் மேட்ச் பாட்டையெல்லாம் போடுகிறார்களாம். வெள்ளாந்துறைப் பாட்டு! சுருதியும் கிடையாது, தாளமும் கிடையாது. அதைக் கேட்டால் முழித்திருக்கிறவனே மயங்குவான். அவன் விரலைக்கூட அசைக்கவில்லையாம்.

நேற்று ராத்திரி அதைக் கேட்டபோதுதான் எனக்குப் பளிச்சென்றது. சோறு பொங்கிக்கொண்டிருந்தது, அடுப்பை அப்படியே அணைத்தேன். அவன் எந்தப் பாட்டுக்கு எழும்புகிறவன்? சொல்லுங்கள். எந்தப் பாட்டுக்கு ஒரு தடவைகூடத் தவறாமல் எழுந்து நின்று கும்பிட்டிருக்கிறான்?

என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்?

அந்தப் பாட்டைத்தான். வேறு எந்தப் பாட்டை? சினிமாப் பாட்டா பாடச் சொல்கிறீர்கள்? காதுக்குப் பக்கத்தில் போய், மைக் இல்லாமல், சன்னமாக, முதல் சரணம் மட்டும். அவனுக்கு ரோஷம் வரும். எனக்குத் தெரியும் அவனை. "சித்தி, சுருதி எறங்கிப்போச்சு" என்று சொல்ல வாய் திறப்பான். செல்மாவுக்கு இன்றைக்குப் பகல் டியூட்டி. ஜெசிந்தா மத்தியானம் கீழே சேப்பலுக்குப் போவாளாம், அந்த நேரத்தில் என்னை விடு என்று கேட்டேன். சரி என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டாள். அப்படியென்றால் சரி என்றுதானே?

தலையை ஆட்டாதீர்கள். பிடிக்கவில்லை என்றால் வாயைத் திறந்து சொல்லுங்கள். நீங்களும் அந்தத் தாசையன் அண்ணன் கட்சிதானா? ஒரு சரணத்துக்கு இவ்வளவு பேச்சு. ஒரே ஒரு சரணம். நாலு வரி. அதற்குள் என்ன நடந்துவிடும்? ஒரு பைக்கை நகர்த்த முடியுமா அதற்குள்? பாடிக் காட்டவா? இதோ, பாலம் வருகிறது, அமரவிளைப் பாலம். பாலம் முடிவதற்குள் பாட்டு முடிந்துவிடும். பாருங்கள்.

*துடுப்பைக் கீழே வை மகனே, துறை வந்தது...*

இதை இரண்டு தடவை பாட வேண்டும். ஒவ்வொரு வரியும் இரண்டு தடவை.

*துடுப்பைக் கீழே வை மகனே, துறை வந்தது,*
*தூரத்து அலையெல்லாம் ஓய்ந்து நின்றது...*

இங்கே கொஞ்சம் இழுக்க வேண்டும். பெட்டியைத் தூக்குகிறவர்கள் தோள் மாற்றுகிற இடம்.

*பாய் சுருட்டிப் படு மகனே, பகல் சாய்ந்தது,*
*பரமனின் விளக்கொன்று கரையில் எரிந்தது.*

கடைசி வரி மறுபடியும். இங்கேதான் செகண்ட் கீழே இறங்கி வந்து என்னைத் தாங்கும்...

*பரமனின் விளக்கொன்று... கரையில்... எரிந்தது.*

அவ்வளவுதான். முடிந்தது.

பாலம் எங்கே?

போய்விட்டதா? எப்போது? நான் இரண்டாவது வரியில் இருக்கும்போதேவா? இல்லை, இந்த டிரைவர் கண்மண் தெரியாமல் ஓட்டுகிறான். பஸ் வேகமாகப் போனால் எதுவும் நீளமாகத்தான் தெரியும். நடுவில் ஒரு ஸ்டாப் வேறு வந்ததா? ஆள் இறங்கினார்களா? எத்தனை பேர்? நான் கவனிக்கவில்லை.

கண்டக்டர் என்ன சிரிக்கிறான்? "சேச்சி பள்ளியில பாடுமோ?" என்கிறான். பாடுவேன் தம்பி, கோயிலில்தான் பாடுவேன். நீ டிக்கெட்டைக் கிழி.

இவ்வளவு நீளமா அது?

இல்லை, இழுத்துவிட்டேன். கிரவுண்டில் இப்படி இழுக்கவில்லை. இழுத்தேன். அவள் சேருவாள் என்று இழுத்தேன். அதை அப்போதே உங்களிடம் சொன்னேனே.

மறுபடியும் போன். சூசையாதான். நிறுத்தமாட்டார் போலிருக்கிறது. இருங்கள், இந்தத் தடவை நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன்.

ஹலோ. சாவிதானே? தரமுடியாது, சொல்லிவிட்டேன். நான் அந்த அலமாரியைக் கடலில்... என்ன?

சத்தமாச் சொல்லும். பஸ்ஸில் இருக்கிறேன்.

எப்போ?

விடியக்காலமா? காலையிலேயேவா? அதற்குத்தான் அடித்துக்கொண்டிருந்தீரா? சாவிக்கு இல்லையா?

இல்லை, நான் ஆஸ்பத்திரிக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறேன். செல்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பகல் டியூட்டி... அங்கே இல்லையா? வெள்ளாந்துறைக்குக் கொண்டுபோயாச்சா?

யார் சொன்னது? ஃபாதரா? ஜெசிந்தாவா? ஜெசிந்தாவே சொன்னாளா? அவள் வாயாலேயா? சரியாக என்ன சொன்னாள்? ஒரு வார்த்தை விடாமல் சொல்லும்.

ம்.

ம். சரி. வைத்துவிடும்.

வைத்துவிட்டார்.

நெய்யாற்றின்கரை ஸ்டாண்டா இது? நான் இறங்க வேண்டும். திரும்பிப் போகிற பஸ் எந்தப் பக்கம் நிற்கும்? சாயந்திரம் அடக்கமாம். ஜெசிந்தா சொல்லிவிட்டிருக்கிறாள். "ஹில்டாவ வரச் சொல்லுங்கோ. அவ முதல் எடுக்கட்டும், நான் செகண்ட் பாடுறேன்" என்றாளாம். அவ்வளவுதான் சொன்னாளாம். அழவில்லையாம்.

போக வேண்டும். ஒரு வீடு நான் விட்டதில்லை.

இருங்கள், என் கையை விடாதீர்கள். நீங்கள் கேட்டீர்கள்தானே? இப்போதுதானே பாடிக் காட்டினேன், பாலத்தில், உங்கள் காதுக்குப் பக்கத்திலேயே. அதில் முதல் வரி எது? எத்தனை பேருக்குப் பாடியிருக்கிறேன், வாயில் வரமாட்டேன் என்கிறது. எப்படித் தொடங்கும்? சொல்லுங்கள். கண்டக்டர் விசில் அடிக்கிறான், சீக்கிரம் சொல்லுங்கள், அது எப்படித் தொடங்கும்?